இன்ஜின் சூடு

எங்கள் ஊரில் யாருக்கு உடம்பில் சூடு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். வெந்தயம் ஊறப்போட்ட மோர், தொப்புளிலும் கால் கட்டைவிரலிலும் விளக்கெண்ணெய், மூன்று நாளைக்குக் காரம் இல்லாத சோறு. என் கைப்பக்குவம் அப்படி. அதில் எனக்குப் பெருமை உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

தம்பி என்னைவிடப் பதினான்கு வயது சின்னவன். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் இடுப்பில் வைத்து வளர்த்தது நான்தான். இப்போது அவனுக்கு ஐம்பத்திரண்டு. பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கு லாரி ஓட்டுகிறான். பெண்டாட்டி செத்து ஆறு வருஷம் ஆகிறது. பக்கத்து வீடுதான், சாப்பாடு என் வீட்டில். மாரண்டஹள்ளிப் பக்கம் அவனுக்கு ஒரு பெண் பார்த்து உறுதி பண்ணியிருந்தோம். அவளும் புருஷனை இழந்தவள், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். வைகாசியில் கோயிலில் தாலி கட்டுவதாகப் பேச்சு.

பங்குனி மாசம் அவன் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது இரண்டு தரம் எழுந்து கொல்லைக்குப் போனான். திரும்பி வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான்.

"என்னடா?"

"சூடுக்கா. ஒண்ணுக்குப் போனா எரியுது. இன்ஜின் மேலயே உக்காந்து ஓட்டறமில்ல, எல்லா டிரைவருக்கும் இருக்கறதுதான்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பத்து நாள் மோர் கொடுத்தேன், எண்ணெய் வைத்தேன், இளநீர் வெட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினோராம் நாள் வெந்தயத்தை இரண்டு மடங்காக்கினேன். அன்று வயிற்றால் போனதுதான் மிச்சம். அதற்குமேல் அவன் கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்ல ஆரம்பித்தான். வண்டிக்கு எஃப்.சி. எடுக்க வேண்டுமாம், அந்தச் செலவு முடியட்டுமாம்.

எனக்கு பி.பி. மாத்திரை கொடுக்க மாசாமாசம் ஒரு நர்ஸம்மா வரும். பேச்சுவாக்கில், தம்பிக்கு ஒண்ணுக்குப் போனால் எரிகிறது, என் வைத்தியத்துக்கே மசியாத சூடு என்று அதனிடம் சொன்னேன். அது பையை மூடிவிட்டு என்னைப் பார்த்தது.

"ஆயா, எரிச்சல் மட்டுந்தானா? சீழ் மாதிரி ஏதாச்சும் வருதாங்க?"

"அதெல்லாம் எதுக்கு கேக்கற?"

"வந்தா அது சூடு இல்லைங்க. தொத்து. பொம்பள சகவாசத்துல வர்றது."

"எங்க வூட்டுல அந்த மாதிரி ஆம்பள கிடையாது கண்ணு."

"எல்லா வூட்டுலயும் இப்டித்தான் சொல்றாங்க ஆயா. பெரிய ஆஸ்பத்திரில அதுக்குன்னே ஒரு ரூம் இருக்கு. யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்க. கூட்டிட்டுப் போங்க."

அது போன பிறகுதான் ஒன்று உறைத்தது. ஒரு மாசமாகத் தம்பி தன் ஜட்டியைத் தானே துவைத்து, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் காயப்போடுகிறான். துணி துவைக்கத் தெரியாத ஆள்.

கூப்பிட்டுக் கேட்டேன். தரையைப் பார்த்தான்.

"ஒரு தடவதான்க்கா. ஓசூர் தாண்டி, ரோட்டோரத்துல. நெனச்சு போகல."

"அப்புறம் எதுக்குடா என் மோரைப் பத்து நாள் குடிச்ச?"

"நீ குடுத்த, குடிச்சேன். லாட்ஜ்ல ஒக்காந்திருக்கற வைத்தியன்கிட்ட லேகியங்கூடத் தின்னுட்டேன். மாரண்டஹள்ளிப் பொம்பளைக்கு நான் இதக் கொண்டுபோய் ஒட்டவெச்சிருவனோன்னுதான்க்கா எஃப்.சி.ன்னு சொன்னேன்."

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். கடைசியாகச் சொன்னதைக் கேட்டபின் திட்டு வரவில்லை.

மறுநாளே தர்மபுரிக்கு பஸ் ஏறினோம். அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் ஏழெட்டு ஆண்கள். நான் போய் உட்கார்ந்ததும் அத்தனை பேரும் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் தெரிந்த முகம், நல்லம்பள்ளிச் சந்தையில் என்னிடம் கன்று வாங்கியவன். நான் பாட்டுக்கு, "கன்னு நல்லா இருக்குதா தம்பி?" என்றேன். "இருக்குதுங்க" என்று சுவருக்குப் பதில் சொன்னான்.

உள்ளே விசாரித்த பையனுக்கு என் பேரன் வயசிருக்கும். வெட்கமில்லாமல் எல்லாம் கேட்டான், தம்பி வெட்கப்பட்டுச் சொன்னான். பிறகு அந்தப் பையன் மரத்தில் கடைந்த ஒன்றை மேசைமேல் வைத்து, நிரோத் உறை எப்படிப் போடுவது என்று காட்ட ஆரம்பித்தான்.

"நான் வெளிய இருக்கட்டுமா சாமி?"

"உக்காருங்க ஆயா, ஊர்ல நாலு பேருக்கு நீங்க சொல்லலாம்."

உட்கார்ந்தேன். வந்ததற்கு ஒன்றாவது கேட்போமே என்று, "இன்ஜின் சூட்டுல இது வராதா?" என்றேன்.

"இன்ஜின் மேல உக்காந்தா பின்பக்கந்தாங்க சுடும்."

தம்பிகூடச் சிரித்துவிட்டான். டாக்டரம்மா பார்த்துவிட்டு, சாம்பல் நிறப் பொட்டலம் ஒன்றில் மாத்திரை கொடுத்தார். அங்கேயே முழுங்க வைத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். அன்றைக்கு ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. ஆனால் எச்.ஐ.வி. மாதிரி சிலது ரத்தத்தில் தெரிய நாள் பிடிக்குமாம். மூன்று மாசம் கழித்து இன்னொரு தரம் பார்த்தால்தான் நிச்சயம், கல்யாணத்தை அதுவரை தள்ளிப்போடுவது நல்லது என்றார்கள். எரிச்சல் நாலு நாளில் போய்விட்டது. என் பத்து நாள் மோரை நினைத்துக்கொண்டேன்.

இனி அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும். ஜாதகத்தில் சனி பார்க்கிறான், ஆவணிக்குமேல் வைத்துக்கொள்ளலாம் என்று நான் பஸ்ஸிலேயே பேச்சைக் கட்டி வைத்திருந்தேன். நானும் தம்பியும் அவள் வீட்டுக்குப் போனபோது, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் அரிவாள்மனையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, "வாங்க அண்ணி" என்றாள். நான் சனியை எடுப்பதற்குள் இவன் முழுசையும் கொட்டிவிட்டான். ரோட்டோரம், எரிச்சல், மாத்திரை, மூன்று மாசம், எல்லாம். மோரைக்கூட விடவில்லை.

அவள் எழுந்து உள்ளே போனாள். வரவே இல்லை. தம்பி துண்டை எடுத்துத் தோளில் போட்டான். எழுந்து போய்விடலாம் என்று என் முழங்காலைத் தொட்டான். நான் அசையவில்லை. பெண் வீட்டிலிருந்து பதில் இல்லாமல் எழுந்துபோய் எனக்குப் பழக்கமில்லை.

மூன்று டம்ளர் காபியோடு வந்தாள்.

"அந்த மூணு மாசமும் பெங்களூரு லோடுதானுங்களா?"

"ஆமாங்க."

"அந்த ஓசூர் ரோடு இல்லாம சேலம் லோடு கெடைக்காதா?"

"கேட்டா கெடைக்குங்க."

"கேளுங்க." காபியை அவனுக்கு முன்னால் வைத்தாள். "ரத்தம் பாக்கறன்னைக்கு நானும் வர்றேன். எனக்கும் பாத்துக்கறேன். எங்க வூட்டுக்காரரும் டிரைவர்தான். எதுல போனாருன்னு ஒருத்தரும் எனக்குத் தெளிவா சொல்லல. அப்ப இருந்து மனசுல கெடக்குது."

எனக்குக் கட்டி வைத்திருந்த பேச்சு அத்தனையும் மறந்துபோனது. காபியைக் குடித்தேன். நல்ல காபி.

மூன்று மாசம் கழித்து மறுபடி அதே பெஞ்சு. இந்தத் தடவை ஆண்களுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பொம்பளைகள். பையன் இரண்டு காகிதம் கொண்டுவந்து கொடுத்தான். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும், அதனால் கையை நீட்டவில்லை. தம்பியின் காகிதத்தை அவள் வாங்கி, விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தரம். ஒன்றும் இல்லை. அப்போதுதான் மூச்சே விட்டாள்.

பிறகு தன்னுடையதை அவனிடம் நீட்டினாள். "என்னுதையும் நீங்க படிங்க."

"எனக்கு எதுக்குங்க? நீங்க சொன்னாப் போதும்."

"நான் படிச்சேன்ல? படிங்க."

வாங்கினான். உதடு அசைந்தது, வெகுநேரம் பார்த்தான்.

"தலைகீழாப் புடிச்சிருக்கீங்க" என்றாள்.

பெஞ்சில் எல்லோரும் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தார்கள். அவன் காகிதத்தைத் திருப்பிப் பிடித்து, தேதியும் முத்திரையும் விடாமல், அதிலும் ஒன்றும் இல்லை என்பது வரைக்கும், சத்தமாகவே படித்து முடித்தான்.