சாமியின் ஒற்றைக் கண்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மடிப்புக்காரி ஒரு ஜோக் சொன்னால், ஓடுகிற துவைப்பு மெஷின்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி சுற்றும். சரி, கொஞ்சம் அளந்துவிட்டேன். அன்றைக்கு மெஷின் நின்றதற்குக் காரணம் ஃபியூஸ். ஆனால் அதைச் சரிசெய்ய வந்த எலெக்ட்ரீஷியன் வந்த வேலையை மறந்து, சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் நிஜம்.

பதினோரு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை, ஒரே ஜோடி: எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறவள். வார்டுகளின் படுக்கை விரிப்புகள் துவைத்து உலர்ந்து, கை பொறுக்கும் சூட்டில் வண்டியில் வந்து நிற்கும். விரிப்பைத் தனியாளாக மடிக்க முடியாது. இரண்டு முனை இவள் கையில், இரண்டு முனை நெட்டையின் கையில். உதறி, விறைப்பாக இழுத்து, எதிரெதிரே நடந்துவந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். மடிப்புக்காரி நெட்டையின் தோளுக்குத்தான் வருவாள். அதனால் அவள் முழங்காலைக் கொஞ்சம் மடக்குவாள், இவள் குதிகாலைக் கொஞ்சம் தூக்குவாள். ஜோக்கை விரிப்பின் அந்தக் கோடியில் ஆரம்பித்து, இரண்டு பேர் கையும் சந்திக்கும் இடத்தில் முடிப்பது மடிப்புக்காரியின் கணக்கு.

பாதிக்கு மேல் சாமி ஜோக்குதான். அது அப்பா வீட்டுப் பழக்கம். கூரை ஒழுகினால் அப்பா சாமியைப் பார்த்து, "உன் பக்கம் மட்டும் எப்படிய்யா நனையல?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அதே சாமியைக் கண்ணை மூடிக் கும்பிடுவார். சாமியும் அந்த வீட்டு ஆள். வீட்டு ஆளைக் கிண்டல் செய்யாமல் வேறு யாரைச் செய்வது? நெட்டை கும்பிடுவது வேறு சாமி. அவளும் தன் பங்குக்குத் தன் சாமியை வாரிவிடுவாள்.

மடிப்புக்காரியின் ஜோக்குகளிலேயே நெட்டைக்கு ரொம்பப் பிடித்தது இது: "நாங்க சாமி முன்னாடி கண்ணை மூடிக்குவோம். சாமியும் மூடிக்கும். யார் முதல்ல தூங்கினதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது." எத்தனையாவது தடவை கேட்டாலும் நெட்டைக்குக் கண்ணில் தண்ணீர் வரும்.

போன மாதம் புது மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார். மெஷின் கம்பெனியில் இருந்தவர். துணியைத் தொட்டுப் பழக்கமில்லை. முதல் நாள் எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும் வாங்கி வைத்தார். அந்த நேரம் பார்த்து மடிப்புக்காரி மூன்றாம் மாடிக்கு விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள். திரும்பிவந்து, வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் திரையை விலக்கப் போகும்போது நெட்டையின் குரல் கேட்டது.

"நம்ம மடிப்புக்காரி ஆளுங்க இருக்காங்களே சார், கண்ணை மூடிக்கிட்டுத்தான் கும்பிடுவாங்க."

தன் ஜோக்குதான். மடிப்புக்காரி சிரிப்பை இப்போதே தயாராக வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆனா அவங்க சாமி மட்டும் ஒரு கண்ணைத் திறந்தே வச்சிருக்கும். ஏன்னா, எதிர்ல நிக்கிறது யாருன்னு அதுக்குத் தெரியும். தன் விளக்கை எடுத்துட்டுப் போயிடப் போறாங்கன்னு காவல்."

கூடமே அதிர்ந்தது. மேற்பார்வையாளருக்கு டீ புரையேறியது. மடிப்புக்காரியின் முகத்தில் வந்துவிட்ட சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பன்னிரண்டு துண்டுகள் குறைந்தன. சலவைக்கூடத்தில் இது மாதம் ஒரு தரம் நடக்கிற கூத்து. போர்வை உறையை வாய் கட்டாமல் மெஷினில் போட்டால் அது சின்னத் துணிகளையெல்லாம் விழுங்கிக்கொள்ளும். உறைகளை உதறினால் கிடைத்துவிடும். அங்கே எல்லோருக்கும் அது தெரியும், மேற்பார்வையாளரைத் தவிர. அவர் வாசல் காவலாளியிடம் ஏதோ சொன்னார்.

சாயங்காலம் வேலை முடிந்து ஒன்பது பேர் வரிசையாகக் கிளம்பினார்கள். காவலாளி ஒரே ஒரு பையைத்தான் கேட்டான், மடிப்புக்காரியின் பையை.

"சும்மா ஒரு பார்வைதான், அக்கா."

மேஜைமேல் கொட்டினான். சாப்பாட்டு டப்பா. சீப்பு. வீட்டுக்காரருக்கு வாங்கிய இருமல் மருந்து. பொத்தான் தைக்க எடுத்துவந்திருந்த மகளின் சட்டை. மடிப்புக்காரி திரும்பிப் பார்த்தாள். நேர் பின்னால் நெட்டை நிற்கிறாள். 'உறையை உதறிப் பாருங்க' என்ற மூன்று வார்த்தை போதும். நெட்டை தன் செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை துண்டுகள் பன்னிரண்டும் ஒரு நீல உறைக்குள்ளிருந்து வந்தன. மடிப்புக்காரி விரிப்பின் முனைகளைப் பிடித்தபடி கேட்டாள்.

"அந்த ஜோக்கை எதுக்குடி மாத்தினே?"

"எந்த ஜோக்கு? ஓ, அதுவா. நீ சொன்னதுதானே."

"நான் சாமியைச் சொன்னேன். நீ எங்க ஆளுங்களைச் சொன்னே."

"நல்லா இருக்கே கதை. சாமியைச் சொல்லலாம், மனுஷங்களைச் சொல்லக் கூடாதா? எவன் கேட்டாலும் சாமியைச் சொல்றதுதான் பெரிய தப்புன்னு சொல்லுவான்."

"சாமி பையை யாரும் கேட்ல கொட்டிப் பாக்கலையே."

"பாத்தது வாட்ச்மேன். நானா பாத்தேன்?"

"நீ பின்னாடிதானே நின்னே. துண்டு எங்க இருக்கும்னு உனக்குத் தெரியாது?"

நெட்டை விரிப்பை உதறினாள். "புது ஆளு. வந்த புதுசுலயே அவருக்குப் பாடம் எடுக்கச் சொல்றியா? இழுத்துப் பிடி, சுருங்குது."

மடிப்புக்காரி இழுத்துப் பிடிக்கவில்லை. கையை விட்டாள். தரையைத் தொட்ட துணி மறுபடி துவைக்கப் போக வேண்டும். அது அங்கே சட்டம். நெட்டை அதைச் சுருட்டி அழுக்குக் கூடையில் போட்டாள். அன்று மீதி விரிப்புகளைக் கையில் அணைத்துக்கொண்டு மடிப்புக்காரி கூடத்தின் மறுகோடிக்குப் போனாள்.

அங்கே உலர்த்தும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் இருந்தார். எல்லையோர ஊரிலிருந்து பிழைக்க வந்த, தலை நரைத்த மனிதர், அதிகம் பேசாதவர். அவள் கேட்காமலே இரண்டு முனைகளை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். முனைகள் சேரவில்லை, ஒரு விரல் அளவு கோணல். பிரித்து மறுபடி நடந்தார்கள்.

"பாருங்கண்ணே," என்றாள். "பதினோரு வருஷம். என் சாமியை நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கேன். ஆனா எந்த ஆளுங்களைப் பத்தியும், அவங்க மனசு நோகற மாதிரி ஒரு வார்த்தை சொன்னதில்ல. அன்னைக்கு அவ சொன்னதுக்கு அத்தனை பேரும் சிரிச்சாங்க. சிரிக்காதது நீங்க ஒருத்தர்தான்."

அவர் விரிப்பை நான்காக மடித்து, ஓரத்தைக் கையால் நீவினார்.

"இல்ல தங்கச்சி, நானும் சிரிச்சேன்," என்றார். "எங்க ஊர்க்காரங்க குளிக்க மாட்டாங்கன்னு போன வருஷம் நீ சொன்னப்பவும் சிரிச்சேன்."