இன்ஸ்பெக்டரின் வயிறு

அவருக்கு இன்ஸ்பெக்டர் என்று பட்டப்பெயர் வந்ததற்கும் காவல் துறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தொலைக்காட்சித் தொடர்களில் கடைசி நேரத்தில் நுழைந்து, "எல்லாரையும் வண்டியில ஏத்துங்க" என்று முழங்கும் அதிகாரிகளுக்கெல்லாம் டப்பிங் குரல் அவருடையது. அத்தனை பேரை வண்டியில் ஏற்றியவர் வீட்டுக்குப் பேருந்தில்தான் வருவார்.

அவருக்கு முதன்முறையாக ஒரு பெரிய பாத்திரம் கிடைத்தது. கதாநாயகியின் அப்பா. படுக்கையில் கிடந்து, விட்டு விட்டுப் பேசி, ஒரு வாரம் முழுக்கச் சாகிற மனிதர். இன்ஸ்பெக்டர் வீட்டுக் கண்ணாடி முன்னால் செத்துச் செத்துப் பழகினார். இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான், வயிறு. ஒலிப்பதிவு அறையில் கொசு சிறகடித்தாலும் மைக் பிடித்துக்கொள்ளும். இவர் வயிறோ மேடு ஏறுகிற லாரி. கைதுக் காட்சிகளில் பின்னணி இசை அதை மூடிவிடும். சாவுக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

ஒலிப்பதிவாளர் நல்ல பிள்ளை. தனியே அழைத்து, "அண்ணே, உங்களை விட உங்க வயிறு நல்லா நடிக்குது. அடுத்த வாரத்துக்குள்ள அதை அடக்கிடுங்க" என்றார்.

மைத்துனர் ஒரு மாலை முழுக்க செல்போனில் ஆராய்ச்சி செய்து, 'புரோபயாடிக்'தான் வழி என்று தீர்ப்பளித்தார். வயிற்றுக்கு நன்மை செய்யும் கிருமிகள், மாத்திரை வடிவில். மருந்துக்கடையில் அதற்கே தனி அலமாரி இருந்தது. ஒரு டப்பாவில் நூறு கோடி கிருமி, அடுத்ததில் ஆயிரம் கோடி, மேல்தட்டில் ஐயாயிரம் கோடி.

"என்ன தொந்தரவுக்கு? ஒவ்வொண்ணும் ஒவ்வொண்ணுக்குக் கேக்கும்" என்றார் கடைக்கார அம்மா.

பின்னால் வரிசை நின்றது. ஊரையே கைது செய்த குரலுக்கு, வயிறு கத்துகிறது என்று சொல்ல வரவில்லை. "சும்மா, பொதுவா நல்லா இருக்கட்டும்னு" என்று முனகினார். பொதுவாக நல்லா இருக்க வேண்டியவருக்கு அந்த அம்மாதான் என்ன சொல்ல முடியும்?

"எதிரி எத்தனை பேருன்னு தெரியாது மாமா, பெரிய படையா இறக்கிடுவோம்" என்று மைத்துனர் மேல்தட்டுக்குக் கை நீட்டினார். தொடக்கத்தில் வயிறு உப்பலாம், ஒவ்வொன்றாகப் போடுங்கள் என்று கடைக்கார அம்மா எச்சரித்தார். நாள் குறைவு என்பதால் இன்ஸ்பெக்டர் இரண்டிரண்டாக விழுங்கினார்.

ஐயாயிரம் கோடி பேர் திமுதிமுவென்று குடிவந்தால் எந்த வீட்டிலும் சத்தம் இருக்கத்தான் செய்யும்.

பதிவு நாளன்று, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்று சொல்லி நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். மீதியை வயிறு சொன்னது. மறுபடி எடுத்தார்கள். வயிறு இன்னும் விளக்கமாகச் சொன்னது. இயக்குநர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து, "போதும் சார், போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். அந்த ஸ்டூடியோவில் அதுவரை அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

சேதி மற்ற ஸ்டூடியோக்களுக்கும் போயிற்று. கைதுகளும் நின்றன. இப்போது அவருக்குக் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்துகிற வேலை. அங்கே யார் வயிறு என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது.

வேறொருவர் குரலில் அப்பா சாகிற வாரம் வந்தது. இன்ஸ்பெக்டர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் சாகறான்" என்றாள் மனைவி.

"ஆமா, நிறுத்த வேண்டிய இடத்துல சரியா நிறுத்தறான். கொஞ்சம் சத்தத்தைக் கூட்டு."

கூட்டினாள். திரையில் அப்பா மகளைப் பார்த்து, பேச்சை நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் முன்னால் குனிந்து காதைக் கொடுத்தார். அந்த இடைவெளியில் ஒன்றுமே கேட்கவில்லை.