வேண்டா என்றால் இன்னொரு இட்லி

எங்கள் வகுப்பில் பேர் கூப்பிடும் நேரம் ஒரு திருவிழா. வாத்தியார் "வேண்டா" என்பார். அவள் "உள்ளேன் ஐயா" என்று வாய் திறப்பதற்குள் நாற்பது பேரும் "வேண்டாம் ஐயா" என்று கத்துவோம். நானும்தான் கத்தினேன், மறைப்பானேன்.

மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால், அடுத்ததாவது பையனாக வரட்டும் என்று எங்கள் பக்கத்தில் வைக்கிற பெயர் அது. பையன் வரவில்லை. அப்பா காசிநாதன்தான் வீட்டை விட்டுப் போய், செய்யூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்தார். பெத்த அப்பனுக்கே வேண்டாதவள் என்று அதையும் சொல்லி அழவைத்தோம். பாவிகள் நாங்கள்.

தொண்ணூற்றாறில் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் பெயர்ப்பட்டியல் போகும் சமயம். மாற்றுவதென்றால் இப்போதே மாற்று, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா என்றார் தலைமையாசிரியர். வேண்டா ஒரு வாரம் யோசித்து, 'வெண்ணிலா' என்று பாரத்தில் எழுதிக்கொண்டு செய்யூர் பஸ் ஏறினாள். மனசு உறுத்தியதால் துணைக்கு நானும் போனேன்.

காசிநாதன் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் தூளியில் ஒரு பெண் குழந்தை. பாப்பாவுக்கு என்ன பேர் என்று வேண்டா கேட்டாள்.

"இதுவும் பொண்ணாப் பூடுச்சு. போதும்பொண்ணுன்னு வெச்சிடலாம்னு கீறேன்" என்றார்.

வேண்டாவுக்கு வந்ததே கோபம்! "இதுவும் இஸ்கூலுக்குப் போவும் நைனா. நான் பட்டது பத்தாதா? வெண்ணிலான்னு வை." சொல்லிவிட்டுப் பாரத்தை நாலாகக் கிழித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில், வேறு பேர் எழுதேன்டி என்றேன். யோசித்ததில் அது ஒன்றுதான் நன்றாயிருந்தது என்று சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

பத்து வருஷம் ஓடிவிட்டது. இப்போது சிங்கப்பெருமாள் கோயிலில் 'வேண்டா டிபன் கடை' என்றால் கம்பெனிக்குப் போகிற அத்தனை பேருக்கும் தெரியும். போதும், வேண்டா என்று யாராவது இலையை மறைத்தால், "கூப்ட்டியா அண்ணாத்த?" என்று வந்து இன்னொரு இட்லி வைப்பாள். கடையே சிரிக்கும். அவள் சிரிப்புதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்கும்.

லீவு விட்டால், அன்று தூளியில் கிடந்த வெண்ணிலா தன் அக்கா கடைக்கு ஓடி வந்துவிடுவாள். பத்து வயசு, வாயாடி. பள்ளிக்கூடத்தில் உன் பேரைக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று போன மாதம் அவளிடம் கேட்டேன்.

"உள்ளேன் மிஸ்ஸுன்னு சொல்வேன். வேற இன்னா நடக்கும்?" என்றாள்.

வேண்டா என் இலையில் இன்னொரு இட்லி வைத்தாள்.