பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஜெசிதா

மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், ஜெசிதாவின் வீட்டுக் கூரைக்கு மேலே இருபத்தைந்து அடி இரும்புக் குழாய் ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு அன்ரனா. வெளியூர் ஆட்கள் அது ரீவிக்கு என்று நினைத்துக்கொண்டு போவார்கள். ஊர் ஆட்கள் அப்படி நினைப்பதில்லை. உயரமாக எதைக் கண்டாலும் அவர்களுக்கு முதலில் வருவது கேள்வியல்ல, பயம்.

ஜெசிதாவுக்கு முப்பத்தாறு வயது. போரில் இந்த ஊரை விட்டுக் கைக்குழந்தையாக வெளியேறியவள். மல்லாகத்து முகாமில் வளர்ந்து, அங்கேயே படித்து, தெல்லிப்பழைச் சந்தியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை போட்டாள். இருபத்தேழு வருடம் கழித்து இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டபோது அதில் கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தக் கிணற்றை இறைத்து, அதைச் சுற்றித்தான் தாயும் மகளுமாக இந்த வீட்டைக் கட்டினார்கள்.

பொழுதுபோக்காகக் காற்றில் செய்தி அனுப்பும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் அனுமதிப்பத்திரப் பரீட்சையைக் கொழும்பில் இரண்டு தரம் எழுதி, இரண்டாம் தரம் சித்தியடைந்தாள். அவளுடையது கதைக்கிற வானொலி இல்லை, எழுதுகிற வானொலி. கரவெட்டியில் ஒருவர் கணினியில் தட்டும் நாலு வரி, சின்னச் சின்னப் பொதிகளாகி, பல்லி சொல்வது போன்ற சத்தமாகக் காற்றில் வரும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் அது போய்ச் சேரும். நாட்டின் தென்கரையில் இருக்கும் மாத்தறைக்குப் போகாது. அதனால் ஜெசிதாவின் அலுமாரித் தட்டில் இருக்கும் உள்ளங்கை அளவான கணினி அந்தப் பொதிகளைப் பிடித்து இணையத்தில் ஏற்றிவிடும். மாத்தறையில் ஒரு வீட்டில் இதேபோல் இன்னொரு பெட்டி அவற்றை இறக்கி அந்தக் கரையின் காற்றில் விடும். அங்கிருந்து வருவதை இவளுடைய பெட்டி இங்கே விடும். இவள் நிறுத்தினால் இரண்டு கரையும் அறுந்துபோகும்.

இந்த விளையாட்டுக்குக் கடுமையான விதிகள் உண்டு. இரகசியக் குறியில் எழுதக்கூடாது. வியாபாரம் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அரசாங்கம் தந்த அழைப்புக்குறியை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். ஜெசிதாவின் குறி நாலு எஸ் ஏழு என்று தொடங்கும். பின்னால் மூன்று எழுத்து. அதை வைத்து யாரும் அவளுடைய பெயரைக் கண்டுபிடிக்கலாம்.

பிழை நடந்தது ஒரு சனிக்கிழமை. இணையத்திலிருந்து வருவதில் எதைக் காற்றில் விடுவது, எதை மறிப்பது என்று அந்தக் கணினிக்குச் சொல்லிவைக்க வேண்டும். காலையில் எதையோ சோதித்துப் பார்க்க அந்த மறிப்பை எடுத்தவள், திரும்பப் போட மறந்துவிட்டுக் குருநகரில் மச்சாளின் மகளுடைய முதல்நன்மை விருந்துக்குப் போய்விட்டாள். தேவாலயத்துக்குப் பக்கத்தில் பாண்ட் வாத்தியம். கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது கேட்கவில்லை.

நாலரைக்கு வீட்டுக்கு வந்தபோது வானொலிப் பெட்டியில் கை வைக்க முடியாத சூடு. ஜெர்மனியில் ஓடும் ஒரு காரின் இடம், யப்பானில் ஒரு மலையின் குளிர், எங்கோ ஒரு பாய்மரப் படகின் காற்று என்று உலகத்தின் சில்லறை எல்லாம் ஆறு மணித்தியாலமாக மயிலிட்டிக் கூரையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை என்பதால் குடாநாட்டில் வேறு ஒருவராலும் ஒரு சொல் அனுப்ப முடியவில்லை.

அணைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். மறுபக்கம் கரவெட்டியில் இருக்கும் பள்ளிக்கூட வாத்தியார் கோபிசங்கர்.

"பதினாலு தரம் எடுத்தனான் பிள்ளை. செத்துக்கித்துப் போனியோ எண்டும் யோசிச்சன்."

"பிழை என்னிலைதான் அண்ணை. மறிப்பைப் போட மறந்துபோனன்."

"சரி, எங்களுக்கு விளங்கும். உந்தச் சத்தத்தை எங்களைத் தவிர வேறை ஆக்களும் கேட்டிருப்பினம், அதை யோசிச்சியே?"

அடுத்த நாள் பூசை முடிந்த கையோடு தாய்மாமன் எமில்ராஜ் வந்தார். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். அவருடைய சொந்தக் காணி இன்னும் முட்கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சட்டைப் பையிலிருந்து தட்டச்சில் அடித்த கடிதம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"சங்கத்துக்குப் புலனாய்வுக்காரர் ரெண்டு பேர் வந்தவங்கள். ஆர் அந்தக் கம்பம், ஆரோடை தொடர்பு எண்டு விசாரிச்சவங்கள். இதிலை ஒரு கையெழுத்துப் போடு. சொந்த விருப்பத்திலை கழட்டுறன் எண்டு இருக்கு."

"எனக்கு அப்பிடி ஒரு விருப்பம் இல்லையே மாமா."

"விருப்பம் இல்லாட்டி வரப்பண்ணு. மிச்சக் காணியைக் கேட்டு நாங்கள் மனு குடுத்திருக்கிறம். இந்த நேரம் உன்ரை குழாயைக் காட்டி அவங்கள் இழுத்தடிச்சால்?"

"குழாய் இல்லாத இருபத்தேழு வருஷமும் என்னத்தைக் காட்டி இழுத்தடிச்சவங்கள்?"

அடுப்படியிலிருந்து தாய் அற்புதராணி சொன்னாள்: "தம்பி, அவளோடை கதைச்சு வெல்ல ஏலாது. நான் வேண்டாமெண்டு சொன்ன பிறகுதான் இன்னும் அஞ்சடி உயர்த்தினவள்."

ஜெசிதா கடிதத்தை ஒழுங்காக வாசித்தாள். பேனையை எடுத்து அடித்திருந்த வரிகளைக் குறுக்கே வெட்டினாள். கடதாசியைப் புரட்டி மறுபக்கத்தில் எழுதினாள்: சனிக்கிழமை காலை பத்தரையிலிருந்து மாலை நாலரை வரை என்னுடைய நிலையம் இன்ன பிழையை விட்டது, காரணம் இது, திருத்தியது இப்படி. கீழே அழைப்புக்குறி, அனுமதிப்பத்திர இலக்கம், விலாசம், கையெழுத்து.

"இதைக் குடுங்கோ."

எமில்ராஜ் வாசித்தார். "பிழை விட்டதை நீயே எழுதிக் குடுக்கிறியே? விசரே உனக்கு?"

"விட்ட பிழையை எழுதுறன். விடாத பிழைக்குக் கழட்ட மாட்டன்."

அவர் கடிதத்தை எடுக்காமலே எழுந்து போனார். திங்கட்கிழமை அவள் கடையை இரண்டு மணித்தியாலம் பூட்டிவிட்டு அதைப் பிரதியெடுத்து, அனுமதிப்பத்திரம் தந்த ஆணைக்குழுவுக்கும் பிரதேச செயலகத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் பதிவுத் தபாலில் போட்டாள். மறிப்பைத் திரும்பப் போட்ட பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு பேர் சாதாரண உடுப்பில் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். அவர்களைச் சந்தியில் கண்டுவிட்டு எமில்ராஜும் பின்னாலேயே வேகமாக வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். அற்புதராணி கேட்காமலே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து வைத்தாள்.

ஜெசிதா கணினியின் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். வந்தவர்களில் ஒருவர் குனிந்து வாசித்தார். மாத்தறையில் மழை. திருநெல்வேலியில் ஒரு மாணவன் தன் புது வானொலி வேலைசெய்கிறதா என்று கேட்கிறான். கரவெட்டி அவனுக்குக் காலை வணக்கம் சொல்லியிருக்கிறது, பின்னேரம் ஐந்து மணிக்கு.

"இவ்வளவுதானா?" என்றார் அவர்.

"இவ்வளவுதான். நாளைக்கும் இப்பிடித்தான் இருக்கும். எப்ப வேணுமெண்டாலும் வந்து வாசியுங்கோ."

மற்றவருக்குத் தமிழ் இன்னும் சரளம். நங்கி என்று அவளைச் சிங்களத்தில் தங்கையாக்கிக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னார்: "நங்கி, பிரச்சினை ஒண்ணும் இல்ல. ஆனா கொஞ்ச நாளைக்கு ஓஃப் பண்ணி வைங்க. மேல உள்ளவங்க பாக்கிற வரைக்கும். நல்லதுக்குத்தான் சொல்றது."

எமில்ராஜ் வாசலில் தலையை ஆட்டினார், ஒத்துக்கொள் என்பதுபோல.

ஜெசிதா மேசை இலாச்சியைத் திறந்து ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்து நங்கி என்றவருக்கு முன்னால் வைத்தாள்.

"அணைக்கிறன். அணைக்கச் சொன்னது எண்டு இதிலை எழுதித் தாங்கோ. திகதி, நேரம், சொன்ன ஆளின்ரை பேர், கந்தோர். நான் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கால் என்ரை பேரைச் சொல்லுறன். நீங்கள் ஒருக்கால் சொன்னால் போதும்."

அலுமாரித் தட்டிலிருந்து பல்லிச் சத்தம் ஒன்று வந்து நின்றது. நங்கி என்றவர் கொப்பியைப் பார்த்தார். பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, திரும்ப மூடினார்.

"எழுத்தில எல்லாம் தேவையில்ல நங்கி. சும்மா சொன்னது."

"சும்மா சொன்னதுக்கு நான் அணைக்க மாட்டன்."

அவர்கள் எழுந்தார்கள். மோட்டார் சைக்கிளின் சத்தம் துறைமுகப் பக்கமாய்ப் போய்த் தேய்ந்தது. அன்றைக்கு அந்தக் கொப்பியில் ஒரு எழுத்தும் விழவில்லை.

எமில்ராஜ் கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவர்களில் ஒருவர் இருந்த கதிரையிலேயே இருந்தார்.

"திரும்ப வருவாங்கள்."

"வரட்டும் மாமா."

"ஒவ்வொரு முறையும் இந்தக் கொப்பியை நீட்டப் போறியோ?"

"ஓம்."

வந்தவர்கள் தொடாமல் விட்ட தேத்தண்ணியில் ஒன்றை எடுத்து அவர் குடித்தார். ஆறிப்போயிருந்தது. கிளாசை வைத்துவிட்டு, கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, வெற்றுத் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"எங்கடை காணி மனுவுக்கும் அவங்கள் இப்பிடித்தான்," என்றார், யாரையும் பார்க்காமல். "மறுமொழியெல்லாம் வாயாலை. ஒரு துண்டு கடதாசி தந்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை."

அடுத்த கிழமை சங்கத்துக் கூட்டத்துக்குப் போகும்போது அவர் வழியில் ஒரு கடையில் நிறுத்தி ஒரு புதுக் கொப்பி வாங்கிக்கொண்டு போனார்.