ஈரத்துணி இசைக்கு ஒரு தந்தை

கொசு என்ற பெயரை அவளுக்கு வைத்தது அவளுடைய அக்கா புருஷன். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக்கு வந்தவர், பக்கத்து அறையில் மச்சினி மைக்கின் முன்னால் உட்கார்ந்து மெல்லிய குரலில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவதைக் கேட்டுவிட்டு, "வீட்ல கொசுத்தொல்லை ஜாஸ்தியா இருக்கே, மருந்து கிருந்து அடிக்கறதில்லையா?" என்றார். வீடே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே இணையத்தில் தன் பாட்டுகளுக்கு அந்தப் பெயரையே சூட்டிவிட்டாள். யார் எதை எறிந்தாலும் அதை எடுத்துத் தானே மாட்டிக்கொள்வது அவள் குணம். அம்மா அதை வீம்பு என்பாள். அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் இல்லை.

பிழைப்புக்கு ஒரு வேலை இருந்தது. காது மெஷின் விற்கும் கடையில் காது டெஸ்ட் எடுக்கிற பெண் அவள். கடையின் பின்பக்கத்தில் சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்னக் கூண்டு ஒன்று, அதற்கு ஒரு கண்ணாடி ஜன்னல். வருகிறவரை உள்ளே உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அழுத்துங்க, கேக்கலைன்னா சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்ப வேண்டும். சும்மா இருப்பதுதான் மனுஷர்களுக்கு முடியாத காரியம் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டாள். கேட்காவிட்டாலும் அழுத்துவார்கள். மருமகள் முன்னால் தோற்கக் கூடாது என்று அழுத்துகிற மாமனார்கள், பரீட்சையில் பெயிலாகிவிடுவோமோ என்று அழுத்துகிற பெரிய அதிகாரிகள் என்று எல்லா ரகமும் வரும். எது நிஜமான அழுத்தல், எது குத்துமதிப்பு என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூண்டு அவளுடையது. நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மைக்கோடு உள்ளே போய்விடுவாள். அவளுடைய பாட்டில் தாலாட்டுக்குக் கீழே இயந்திரத் தாளம் ஓடும். ஊர்வல பேண்டு வாத்தியம் நடுவில் புகுந்து செல்போன் மணியோடு சண்டை போடும். உருக்கமாக ஒரு வயலின் கிளம்பும், அது உருகி முடிப்பதற்குள் அதன் கழுத்தை அறுத்துவிட்டு வேகமாகப் பேச ஆரம்பித்துவிடுவாள். ஒரே வகையில் பாடிக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போடுகிற கூட்டம் என்பாள். அந்தக் கூட்டத்தைக் கேட்க ஊர் திரண்டது. இவளைக் கேட்டவர்களில் பாதிப் பேர், சரியாக ஏறியிருக்கிறதா என்று போட்டுப் பார்த்த இவளேதான்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, வீட்டுத் துணியையும் துவைத்துப் போடுவாள். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் துணி தொங்கும். ஈர விரிப்புகளுக்கு நடுவே நின்று பாடினால் எதிரொலி அடங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்த கொசு, ஒரு விடுமுறை நாள் முழுக்க அங்கேயே நின்று ஒரு பாட்டைப் பதிவு செய்தாள். அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள்.

அம்மா கடைசிவரை கேட்டாள். "என்னடி இது. ஈரத்துணியை எவ்வளவு பிழிஞ்சாலும் தண்ணி சொட்டிக்கிட்டே இருக்குமே, அந்த மாதிரி இருக்கு. முடியவே மாட்டேங்குது."

பாட்டை இணையத்தில் ஏற்றும்போது தளம் எப்போதும்போல் வகை என்ன என்று கேட்டது. பட்டியலில் இருந்த எதுவும் பொருந்தவில்லை. கொசு பல்லைக் கடித்துக்கொண்டு 'ஈரத்துணி' என்று அடித்துவிட்டாள்.

வினை அங்கே ஆரம்பித்தது.

இசை விமர்சகர் ஒருவர் இருந்தார். புத்தகங்களை நிறவாரியாக அடுக்கிய அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து காணொளி போடுகிறவர். எந்தப் புத்தகமும் இடம் மாறி யாரும் பார்த்ததில்லை. அவர் கண்ணில் அந்தச் சொல் பட்டது. "ஈரத்துணி என்பது வெறும் இசை வகை அல்ல. அது உலர மறுப்பதன் அரசியல்" என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசினார். கூண்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்த கொசுவுக்குப் புரையேறியது. ஐயா, அது எங்கம்மா திட்டினது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கேட்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. கேப்பையில் நெய் வடிகிறது என்று ஒருவன் சொன்னால் கேட்பவர்களுக்கு மதி எங்கே போயிற்று என்று கேட்கலாம். வடிகிற நெய்க்குக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றவளை என்னவென்று கேட்பது?

கொஞ்ச நாளில் நாலா பக்கமும் ஈரத்துணிப் பாட்டுகள் முளைத்தன. அவற்றைப் போட்டவர்களில் ஒருவன் மற்றவர்களை முந்திக்கொண்டு மேலே போனான். இணையத்தில் அவன் பெயர் நீர்த்துளி. எப்போதும் வெள்ளை உடை, நெற்றியில் சொட்டுகிற தலைமுடி, எங்கோ தூரத்துப் பார்வை. தாளம் அவனுக்கு நன்றாக வந்தது, அதை மட்டும் கொசுவால் மறுக்க முடியவில்லை. ஆனால் பாட்டின் மேல் ஸ்தாயி முழுக்கத் தகரத்தில் ஆணியால் கீறுகிற சத்தம். கேட்டால் பல் கூசும். விமர்சகர் அதற்குக் 'கூர்மை' என்று பெயர் வைத்தார். பிறகு எல்லாரும் கூர்மையாகத் தகரத்தைக் கீற ஆரம்பித்தார்கள். கொசுவின் மெல்லிய குரலைக் கீச்சு என்றவர்களே அவன் கீச்சைத் துணிச்சல் என்றார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம் என்று சும்மாவா சொன்னார்கள். முதலில் நீர்த்துளியை முன்னோடி என்றார்கள், பிறகு ஈரத்துணி இசையின் தந்தை என்றார்கள். மீசை சரியாக அரும்பாத பையன் தந்தையாகிவிட்டான். பெற்றவளை யாரும் தேடவில்லை.

அக்கா புருஷன் பழைய கார் வாங்கி விற்கிறவர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். ஒருநாள் கோட்டும் சூட்டுமாக வந்து நின்றார்.

"நீ பாட்டை மட்டும் பாரு கொசு. மார்க்கெட்டை நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு என் பாட்டு புடிக்குமா அத்தான்?"

"நான் விக்கற கார்ல நான் போறேனா என்ன?"

அவர் பிடித்து வந்த முதல் நிகழ்ச்சிக்குப் பணம் போட்டது ஒரு துவைக்கும் மெஷின் கம்பெனி. இடம் ஒரு வணிக வளாகத்தின் நடுக்கூடம். மேடைக்குப் பின்னால் மெஷின்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் கொசு ஒரு மெஷினின் கதவைத் திறந்து, உலர்ந்த துணி ஒன்றை எடுத்துக் கூட்டத்துக்குக் காட்ட வேண்டும்.

"ஈரத்துணின்னு பேரு. நான் காஞ்ச துணியைக் காட்டணுமா?"

"அதாம்மா பாயிண்ட்டு" என்றார் அத்தான். "நீ நனைக்கற, கம்பெனி காய வைக்குது."

கொசு காட்டினாள். வெட்கக்கேடு என்று தெரிந்தே, சிரித்த முகத்தோடு மூன்று தலையணை உறைகளைத் தூக்கிக் காட்டினாள். நிகழ்ச்சியின் நாயகன் நீர்த்துளி. இவள் அவனுக்கு முன்னால் கூட்டம் சேர்க்கப் பாடுகிறவள். மேடை ஓரத்தில் அவன் இவளைத் தாண்டிப் போனான். "வணக்கம்" என்றாள். காதில் விழாதவன்போல் போய்விட்டான். திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டாள். இறங்கி வந்ததும் கல்லூரி மாணவி ஒருத்தி பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க புதுப் பாட்டு நல்லா இருந்துச்சு. ஆனா அது ஈரத்துணி இல்லக்கா. நீங்க நீர்த்துளியோடதைக் கொஞ்சம் உன்னிப்பாக் கேட்டுப் பாருங்க, புடிபடும்."

விமர்சகர் வீட்டுக்கே வந்து பேட்டி எடுத்தார். இந்த இசையின் வேர்களைத் தேடுகிறாராம். இந்தத் தடவை கொசு பெயர் வந்த கதையைச் சொல்லிவிட்டாள். அம்மா வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். ஒலிவாங்கியை அவள் பக்கம் நீட்டினார்.

"முதல் பாட்டைக் கேட்டதும் நீங்க சொன்ன வார்த்தைதான் பேராச்சுன்னு உங்க பொண்ணு சொல்றாங்க. அந்தக் கணம் உங்க மனசுல என்ன இருந்துச்சும்மா?"

"நல்லா இல்லன்னு இருந்துச்சு."

"அதாவது, மரபான அழகியல்படி..."

"எந்தப் படியும் இல்ல தம்பி. நல்லா இல்ல. இப்பவும் அதைத்தான் சொல்றேன்."

'தாயின் மறுப்பு' என்ற தலைப்பில் அந்தக் காணொளி வெளியாகி சக்கைப்போடு போட்டது. கொசு அம்மாவோடு பேச்சை நிறுத்தினாள். அம்மா அசரவில்லை. "கேட்டாங்க, சொன்னேன். பொய் சொல்லணும்னா முன்னாடியே சொல்லி வெச்சிருக்கணும்" என்று துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம், தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவன் கடைக்கு வந்தான். வெள்ளை உடை இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"டெஸ்ட் எடுக்க வேற யாரும் இல்லையா?"

"நான்தான். உள்ள உக்காருங்க."

நீர்த்துளி கொஞ்ச நேரம் வாசலையே பார்த்தான். பிறகு உட்கார்ந்தான்.

கனத்த கீழ் ஒலிகளுக்கெல்லாம் சரியாக அழுத்தினான். ஒலி கீச்சாக மேலே போகப் போக முகத்தில் எந்த அசைவும் இல்லை, விரல் மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது. கொசு ஒலி அனுப்புவதை நிறுத்தினாள். அப்போதும் அழுத்தினான். கதவைத் திறந்தாள்.

"இப்ப நான் ஒண்ணுமே அனுப்பல. எதுக்கு அழுத்தினீங்க?"

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றினான். "இந்நேரம் ஒண்ணு வரணும்னு தோணுச்சு."

தாளக்காரன் அல்லவா, அவள் அனுப்புகிற இடைவெளியைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்தக் கணக்கில் அழுத்தியிருக்கிறான். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு திருட்டை அவள் பார்த்ததில்லை. இடைவெளியைத் தாறுமாறாக மாற்றி மறுபடி எடுத்தாள். மேல் ஒலிகளில் பாதி அவனுக்குப் போய்விட்டிருந்தது. தகரமும் கூர்மையும் ஊரே கீறுகிற கீறலும் எங்கிருந்து வந்தன என்று டெஸ்ட் முடிவு வந்த தாளைப் பார்த்ததும் விளங்கியது. தனக்குக் கேட்கிறவரை மேல் ஒலிகளை ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறான். சிரிப்பு தொண்டைவரை வந்தது. மேடை ஓரத்தில் தான் சொன்ன வணக்கமும் அவனுக்குக் கேட்டிருக்காது என்ற நினைப்பு வந்து அதைக் கெடுத்தது.

"என் பாட்டெல்லாம் மேல எப்படிங்க இருக்கு?" என்று கேட்டான்.

"தகரம்."

"யாருமே சொல்லலையே."

"உங்களைச் சுத்தி இருக்கறவங்க சொல்ல மாட்டாங்க. எங்கம்மாகிட்ட வந்திருக்கணும்."

போகும்போது, "வெளியில சொல்லிடாதீங்க" என்றான்.

"உங்களைப் பத்திப் பேசறதுதான் எனக்கு வேலையா?"

ஆனாலும் பஸ்ஸில் போகும்போது விமர்சகருக்கு ஒரு செய்தி அடித்தாள். அனுப்பப் போகும் நேரத்தில் அவர் முகம் கண்முன் வந்தது. இதையும் அவர் விட மாட்டார், கேளாமையின் அரசியல் என்று இன்னொரு முக்கால் மணி நேரம் பேசுவார். அழித்துவிட்டாள். கருணை அதில் அதிகம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

காது மெஷின் பொருத்திக்கொள்ள வந்த அன்று அவன், அடுத்த பாட்டை வெளியிடுவதற்கு முன்னால் கேட்டுச் சரிசெய்து தர முடியுமா என்று கேட்டான். "என் பேரைப் போடணும்" என்றாள். ஒப்புக்கொண்டான்.

பளபளப்பான ஒலிக்கூடம் ஒன்றை எதிர்பார்த்துப் போனாள். அவன் குடியிருந்தது சித்தப்பாவின் அச்சகத்துக்கு மேல்மாடியில், காகிதக் கட்டுகள் வைக்கிற அறையில். கீழே இயந்திரம் ஓடினால் தரை அதிரும். அந்த இரைச்சலை அமுக்கத்தான் பள்ளி நாளிலிருந்து ஹெட்ஃபோனை முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்டிருக்கிறான். சுவரில் ஒரு ஆணி, அதில் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. படங்களில் பார்த்த சட்டை எல்லாம் இந்த ஒன்றுதான்.

"இதுக்குத்தானா இவ்வளவு பந்தா?" என்றாள்.

"நீங்க தலையணை உறை தூக்கிக் காட்டலையா?"

கொசு உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். தகரத்தைச் சுரண்டி எடுத்ததும் அடியில் கிடந்த தாளம் துலக்கமாக எழுந்தது. நல்ல தாளம். அவளால் அப்படி ஒன்றைப் போட முடியாது. அதை அவனிடம் சொல்லவில்லை.

பாட்டு இரண்டு பெயரோடும் வெளியானது. மண்ணைக் கவ்வியது. கூர்மை போய்விட்டது, கொசு கடித்துக் கெடுத்துவிட்டாள் என்று ரசிகர்கள் காறித் துப்பினார்கள். விமர்சகர் ஈரத்துணிக்கு இரங்கல் வாசித்துவிட்டு, அடுத்த வாரமே வேறொரு புதிய இசைக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதினார். துவைக்கும் மெஷின் கம்பெனி ஒரு நகைச்சுவை நடிகனைப் பிடித்துக்கொண்டது. அத்தான் கோட்டைக் கழற்றிவிட்டு பழைய கார்களுக்கே திரும்பினார். "கொசுவை ஆளாக்கினதே நான்தான் சார்" என்று வண்டியோடு சேர்த்து அதையும் விற்கிறாராம்.

கொசு காது டெஸ்ட் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அச்சகத்துக்கு விடுமுறையான நாட்களில் மாடிக்குப் போகிறாள். மேல் ஒலிகள் அவள் பொறுப்பு, தாளம் அவன் பொறுப்பு. கேட்கிறவர்கள் சொற்பம். 'நீங்க' போய் 'நீ' வந்தபின் சண்டை வசதியாகிவிட்டது. போன பாட்டில் அவள் குரலை இன்னும் ஏற்ற வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான்.

"உனக்குக் கேக்கலைன்னா ஊருக்கே கேக்கலையா?"

"மெஷின் போட்டுக்கிட்டுதான் சொல்றேன். நீதான் ஒளிஞ்சுக்கற."

அவள் டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனாள். திரும்பி வருவதற்குள் அவன் அவள் குரலை ஏற்றிப் பாட்டை வெளியிட்டுவிட்டான். குரல் ரொம்ப முன்னால் நிற்கிறது, தப்பு என்று இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அதை எடுத்துவிட்டு வேறு போடச் சொல்லவில்லை.