கேட்டுப் பாய்ச்சிய தண்ணீர்

என் தங்கை வானதி சீர்காழி கோர்ட்டில் வக்கீல். எங்கள் குடும்பத்தில் வக்கீலுக்குப் படித்தவள் அவள் ஒருத்திதான். நான் எட்டாவதோடு நின்றவள்.

சட்டக் கல்லூரியில் அவளுக்குப் பிடித்த பாடம் ரோமானியச் சட்டம். அடுத்தவர் வயல் வழியாகத் தண்ணீர் கொண்டுபோகும் உரிமையை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ரோமானியர் வகுத்துவிட்டார்கள், வெள்ளைக்காரன் வழியாக அது நம் கோர்ட்டுக்கும் வந்தது என்பாள். பூம்புகாருக்குச் சரக்கு வாங்க வந்தவன் சட்டத்தையும் இறக்கிவிட்டுப் போனானாக்கும் என்று கேலி செய்வேன்.

"இல்லக்கா, அது இங்கிலாந்தச் சுத்தி வந்துச்சு" என்று சிரிக்காமல் திருத்துவாள்.

அந்தத் துணிச்சலில்தான் எங்கள் தெரு காயாரோகணம் மாமாவின் வழக்கை எடுத்தாள். அவர் வயலுக்குத் தனி வாய்க்கால் கிடையாது. மேலே இருந்த வைரக்கண்ணுவின் வயலில் பாய்ந்த தண்ணீர்தான் மடை வழியாக இறங்கி வரும். வைரக்கண்ணு இறந்தபின் அவர் மகன் சதீஷ் துபாயிலிருந்து வந்தான், வயலில் மண் அடித்து மனை போட்டான். மடை மூடிப்போனது. மாமாவுக்குச் சோறு போட்டது அந்த ஒரு வயல்தான்.

சாட்சி சொல்ல மாமா கூண்டில் ஏறினார். நான் பின் பெஞ்சில் இருந்தேன். வைரக்கண்ணுவிடம் கேட்டுத்தான் தண்ணீர் பாய்ச்சினீர்களா என்று சதீஷின் வக்கீல் நிதானமாகக் கேட்டார். மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கேக்காம எப்படிங்க? ஆத்துல தண்ணி வந்ததும் வெத்திலை பாக்கோட போய் நிப்பேன். 'மடையத் தொறக்கட்டுங்களாண்ணே'ன்னு கேட்டுத்தான் தொறப்பேன். ஒரு வருஷம்கூட அவரு இல்லேன்னதில்லைங்க."

வானதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

பலவந்தம் இல்லாமல், ஒளிக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் நெடுங்காலம் அனுபவித்தால்தான் அது உரிமையாம். கேட்டு வாங்கியது கொடுத்தவரின் தயவு. இதையும் ரோமானியர்தான் சொல்லி வைத்தார்கள் என்றாள், வீட்டுக்கு வரும் பஸ்ஸில். எங்கள் பக்கம் கேட்காமல் அடுத்தவர் மடையில் கை வைப்பவர் யார்? வானதியும் இந்த ஊரில் பிறந்தவள்தானே. அந்த வெற்றிலையை மரியாதை என்றுதான் நினைத்திருந்தாள், அனுமதி என்று அவளுக்கும் தோன்றவில்லை.

தீர்ப்பு சதீஷ் பக்கம் போனது. மேல்முறையீடு செய்யலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். வைரக்கண்ணுவின் மகனோடு இத்தனை தூரம் மல்லுக்கு நின்றதே போதும் என்று மாமா மறுத்துவிட்டார். குறுவைக்கும் சம்பாவுக்கும் வயல் தரிசாகவே கிடந்தது. தை மாதம், சதீஷுக்கே விற்பதாக முடிவு செய்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பத்திரத்த நீயே எழுதும்மா. வேற வக்கீல எனக்குத் தெரியாது."

எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். "கூண்டுல நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனாம்மா?"

"இல்லைங்க மாமா. சரியாத்தான் சொன்னீங்க."

வானதியே எழுதினாள். நான்கு எல்லைகளையும் மாமாவுக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். மாமா இப்போது திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அவர் வயலிலும் மனைக்கல் நட்டாகிவிட்டது. கோர்ட்டுக்குப் போகும் பஸ் அதை ஒட்டித்தான் போகும். வானதி அந்தப் பக்க ஜன்னலோரம் உட்காருவதில்லை.