நஞ்சுண்டன் சோதிக்காத சிலிண்டர்

முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலில் மூழ்கும் ஸ்கூபாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் என் வீட்டுக்காரர் நஞ்சுண்டனைச் சேர்க்கப் போவதில்லை. சேர்க்காவிட்டால் போகட்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆக்சிஜனைக் கூட்டிக் கலந்த காற்றோடு நியூ ஜெர்சிக் கடலில் இறங்கிய முதல் ஆட்களில் அவரும் ஒருவர். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு, மருந்துக் கம்பெனியில் வேலை, சனிக்கிழமையானால் மூழ்கிய கப்பல்கள். "கிரீன் கார்டு வந்த மனுஷனுக்கு எதுக்குடி இந்த வேலை?" என்று கோயிலில் ஆன்ட்டிகள் என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

அந்தக் காற்றை நிரப்பித் தர அப்போது கடைக்காரர்கள் பயந்தார்கள். நண்பர் சுந்தரராமன்தான், மெட்ராஸ்காரர், தன் வீட்டு கராஜில் கலந்து தருவார். ஆழம் குறைந்த இடத்தில் அது உடம்புக்கு நல்லது. அடி ஆழத்தில் அதுவே விஷம். வலிப்பு வரும், வாயிலிருக்கும் குழாய் நழுவும், அதோடு ஆள் காலி. அதனால் அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம்: யார் நிரப்பினாலும், முதுகில் மாட்டுகிறவன் தன் கையால் ஆக்சிஜன் அளவு காட்டும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை நானும் படகில் போனேன். கீழே மூழ்கிக் கிடந்த கப்பலின் மேல்தளம் வரை மட்டும் போவது சுந்தரராமன் திட்டம். அவருக்குக் கலந்த காற்று. இவர் அடி மணல் வரை போகிறார். இவருக்குச் சாதாரணக் காற்று. இரண்டு சிலிண்டரையும் நிரப்பியவர் சுந்தரராமன். இவர் பாட்டுக்கு எடுத்து மாட்டினார்.

"ஏனுங்க, மீட்டர் வெச்சுப் பாக்கலீங்களா?"

"மெதுவாப் பேசு வசந்தா. சார் பக்கத்துலயே நிக்கறாரு. அவரு முன்னாடி டெஸ்ட் பண்ணுனா நம்பலைன்னு ஆயிடாதா? நேத்து வேலைல இருந்து வந்ததும் வராததுமா ஃபில் பண்ணிக் குடுத்திருக்காரு."

சொல்லிக்கொண்டே குதித்துவிட்டார்.

சற்று நேரம் கழித்து சுந்தரராமன் தன் சிலிண்டருக்கு மீட்டர் வைத்தார். மறுபடியும் வைத்தார். முகம் வெளுத்துப்போனது.

"என்னாச்சுங்க சார்?"

"இது வெறும் காத்தும்மா. மாறிப்போச்சு. என்னோடத அவர் மாட்டிண்டு போயிட்டார்."

படகுக்காரர் சுத்தியலை எடுத்துத் தண்ணீருக்குள் இருந்த ஏணிக் காலில் ஓங்கி ஓங்கி அடித்தார். மேலே வா என்று அர்த்தம். கீழே கேட்டதா, கேட்கவில்லையா, யாருக்குத் தெரியும்? சுந்தரராமன் அந்தச் சிலிண்டரையே மாட்டிக்கொண்டு குதித்தார். நங்கூரக் கயிற்றின் ஓரமாக எழும் குமிழிகளையே பார்த்தபடி நின்றேன். ஒரு சமயம் அவையும் நின்றுபோயின. "அய்யோ முருகா" என்று கத்தினேன். நல்லவேளை, அலை கொஞ்சம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அப்பால் திரும்பவும் குமிழ் விட்டது.

எவ்வளவு நேரம் போனதோ. கடைசியில் இரண்டு தலைகள் தெரிந்தன. இவருடைய தோள் வாரை விடாமல் பிடித்திருந்தார் சுந்தரராமன். மேலே இழுத்துப் போட்டதும் இவர் உதடு தானாகத் துடிப்பது அடங்கவில்லை. வலிப்புக்கு முன்னால் வருகிற அறிகுறி அது; அடியில் துடிக்கத் தொடங்கியதைப் பார்த்துத்தான் அவர் இழுத்து வந்தாராம்.

மூச்சு வாங்கியபடி இவர் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா?

"மன்னிச்சுக்குங்க சார். பாக்காமப் போனது என் தப்புங்க."

அந்த மனிதர் உடைந்து அழுதார். "எப்படியும் நீங்க டெஸ்ட் பண்ணுவேள்னுதான் நானும் உங்களோடதச் செக் பண்ணல நஞ்சுண்டன்."

எனக்கு வந்ததே கோபம்!

"நல்லா இருக்குதுங்க உங்க மரியாதை! இவரு அவரை நம்போணும், அவரு இவரை நம்போணும். நடுவுல என்ற தாலிதான் கெடச்சுதா?"

பிறகு இவர் மெல்லச் சொன்னார்: "சார், இனிமே உங்க முன்னாடியே டெஸ்ட் பண்ணுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"பண்ணலைன்னாதான் கோவிச்சுப்பேன்."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.